கோதண்டம் கண்டுபிடித்த ஏலக்காய்

“மாஸ்டர், இவன் திருடிட்டான்.”

இதைச் சொன்னபோது கோதண்டத்தின் வாயில் பைப் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பேசக்கூட மனுஷனுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பரபரப்பு.

அருமைநாயகம் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பைப் புகையிலை கலக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் சிறுமலை ஏறி அவரிடம்தான் வரவேண்டும். கோதண்டத்தைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் கோதண்டம் அவருக்கு முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவார்.

“யாரு? என்னத்த?”

“யூஜின். என் ஏலக்காய.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டு வாத்தியார் யூஜினுக்கு முகம் செத்துப்போயிற்று. அவரும் மாஸ்டரின் சீடர்தான்.

“அண்ணே, ஏலக்காய நான் தொட்டதே இல்லண்ணே.”

“நீ பேசாத. என் நாக்கு சொல்லுது.”

அன்றைக்கு ருசி பார்க்கும் நாள். சீடர்கள் தாங்கள் கலந்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒருவர் கலவையை மற்றவர் ஊதிப் பார்த்துச் சொல்ல வேண்டும். லேசான வாசனைதான் அங்கே விதி. வாசனை என்பது புகையிலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும், முன்னால் வந்து குதிக்கக் கூடாது என்பார் மாஸ்டர். ஜெயித்தவருக்கு மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கலக்கும் இடம் கிடைக்கும். அந்த இடத்துக்காகத்தான் கோதண்டம் ரயில்வேயில் ரிட்டயரான கையோடு, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மலையேறி வந்திருந்தார்.

மேஜைமேல் புது மண் பைப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கலவைக்கும் ஒன்று. கோதண்டம் மட்டும் அதைத் தொடவில்லை.

“மண்ணக் கடிச்சா எனக்குப் பல்லு கூசும்” என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் மரப் பைப்பை எடுத்துக்கொண்டார்.

முதல் சம்பளத்தில் வாங்கிய பைப் அது. தன் ஏலக்காய்ப் புகையிலையைத் தவிர இன்னொருத்தர் சரக்கை அவர் சீண்டியதே இல்லை. யூஜின் தினமும் சாயங்காலம் தன் கலவையில் ஒரு கிள்ளு எடுத்து நீட்டுவார். “எனக்கு என்னோடது போதும்ப்பா” என்று இவர் கையைத் தள்ளிவிடுவார். இன்றைக்கு வேறு வழியில்லாமல்தான் ஊதினார். ஊதினதும் ஏலக்காய். விடுவாரா?

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்றார் மாஸ்டர்.

“இதுல யோசிக்க என்ன மாஸ்டர் இருக்கு. ரெண்டாவது இழுப்புலயே குட்டு வெளிப்பட்டுப்போச்சு.”

“இந்த வீட்டு வழக்கம் தெரியுமில்ல?”

தெரியும். திருடினவர் அன்றைக்கே கடைசி பஸ்ஸில் மலை இறங்கிவிட வேண்டும். வீண்பழி சொன்னவருக்கும் அதே பஸ்தான். இறங்கினால் இறங்கினதுதான், திரும்ப ஏற முடியாது.

“தெரியும் மாஸ்டர். எனக்குச் சம்மதம்.”

யூஜின் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார்.

“இதையும் கொஞ்சம் பாருங்க. நான் கலந்தது.”

கோதண்டம் சாம்பலைத் தட்டினார், நிரப்பினார், பற்றவைத்தார். ஒரே இழுப்பு. கண் அகன்றுவிட்டது.

“மாஸ்டர், தப்பா நினைக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“உங்களோடதுலயும் அடியில ஏலக்காய் நிக்குது.”

“அப்படியா. அப்ப நானும் திருடனா?”

“ஐயையோ. நீங்க எடுத்தா அது எனக்குப் பெருமை மாஸ்டர். இவன் எடுத்தாத்தான் திருட்டு.”

யூஜினுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அந்த வயிற்றெரிச்சலிலும். கோதண்டத்துக்கோ கால் தரையில் பாவவில்லை. மாஸ்டரே நம்ம வழிக்கு வந்துவிட்டாரே என்று உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

மாஸ்டர் எழுந்துபோய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேடசந்தூர்ப் புகையிலை இலை ஒன்றை எடுத்துவந்தார். கோதண்டத்தின் கண் முன்னாலேயே அதைக் கசக்கினார்.

“இதுல எதுவும் சேக்கல. நீங்களே பாத்தீங்க.”

“பாத்தேன் மாஸ்டர்.”

“ஊதுங்க.”

ஊதினார். உடம்பெல்லாம் புல்லரித்தது.

“மாஸ்டர், செடியிலயே இருக்கு. ஏலக்காய் செடியிலயே இருக்கு. ஒவ்வொரு இலைக்குள்ளயும் இருந்திருக்கு மாஸ்டர். இத்தனை காலமா ஒரு பயலும் கண்டுபிடிக்கல. நான் கண்டுபிடிச்சிட்டேன்.”

“அப்ப யூஜின்?”

கோதண்டம் யூஜினை ஒரு தரம் பார்த்தார்.

“அவன் திருடினதும் நெசம்தான் மாஸ்டர். இதுவும் நெசம்தான்.”

மாஸ்டர் கையை நீட்டி அவருடைய பைப்பை வாங்கினார். கவிழ்த்துத் தட்டினார். கம்பி விட்டுத் துடைத்தார். ஊதிப் பார்த்தார். சுத்தமாக ஒன்றுமில்லை என்று ஆனபிறகு திருப்பிக் கொடுத்தார்.

“இப்ப இழுங்க.”

“இதுல ஒண்ணுமே இல்லையே மாஸ்டர்.”

“இழுங்க.”

நெருப்பு இல்லை. புகை இல்லை. கோதண்டம் வெறும் பைப்பை இழுத்தார்.

ஏலக்காய்.

கன்னம் ஒட்ட இன்னொரு தரம் இழுத்தார்.

ஏலக்காய்.

கீழே வளைவில் கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

கோதண்டத்துக்கு முகம் எரிந்தது. யூஜின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. மூலையில் இருந்த தன் பையைப் போய் எடுத்துத் தோளில் மாட்டினார்.

“நான் கெளம்புறேன் மாஸ்டர்.”

“பைய ஏன் தூக்குறீங்க?”

“வழக்கம் வழக்கம்தானே. பழி சொன்னவன் இறங்கணும்ல.”

“ஆமா, இறங்கணும்” என்றார் மாஸ்டர். “நீங்க ஏன் பையத் தூக்குறீங்கன்னு கேட்டேன்.”

மாஸ்டரின் பார்வை கோதண்டத்தின் வலது கையில் இருந்தது. அதில் பைப் இருந்தது.

கோதண்டமும் அதைப் பார்த்தார். இதை அனுப்புவதற்குப் பதில் நாமே இறங்கிப் போய்விடலாமே என்று தோன்றியது. அப்புறம் பையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோர சீட்டில் பைப்பை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்க முடியவில்லை.

“யாருக்குங்க டிக்கெட்?” என்றார் கண்டக்டர்.

“நம்ம பழைய கூட்டாளிதான். தனியாப் போயிருவாப்ல.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

யூஜின் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு புது மண் பைப்பில் தன் புகையிலையை நிரப்பி வைத்திருந்தார். அதை நீட்டினார். தீக்குச்சியையும் அவரே கிழித்தார்.

கோதண்டம் இழுத்தார். கண்ணை மூடினார். மறுபடி இழுத்தார்.

“யூஜின்.”

“சொல்லுங்கண்ணே.”

“இது என்ன பழம்டா?”

“அத்திப்பழம்ண்ணே.”

கோதண்டம் இன்னொரு இழுப்பு இழுத்தார்.

“இத்தனை நாளா ஏன்டா எனக்குக் குடுக்கல?”

“தினமும் நீட்டிக்கிட்டுத்தானண்ணே இருந்தேன்.”