மதிலைத் தாண்டி வந்த சொத்து

கோட்டைப்பொழில் ராஜா வல்லபருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவள் செங்கமலம். வேறு யார் மடித்தாலும் அவர் தொடமாட்டார். வெற்றிலையோடு அவள் குறும்பையும் சேர்த்து மென்றால்தான் அவருக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

அரண்மனை இருந்தது மேட்டில். கீழே சரிவில் தறிக்காரத் தெரு. அரண்மனையில் பாத்திரம் கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர், குதிரை லாயம் அலசின தண்ணீர், எல்லாம் மதிலில் இருந்த ஓர் ஓட்டை வழியாக வெளியே வரும். வந்து நேரே அந்தத் தெருவுக்குள் இறங்கும். இறங்கி எங்கே நிற்கும்? அவர்கள் குடிக்கிற கிணற்றடியில். அந்த வருஷம் கிணற்றுத் தண்ணீரே கெட்டுப்போய்விட்டது. தெருவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம்.

வீராத்தாள் என்று ஒரு நெசவுக்காரி. துவண்டு கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, ஒரு கால்வாய் வெட்டிக் குடுங்க. அந்தத் தண்ணி தெருவுக்குள்ள வராம தென்னந்தோப்புப் பக்கம் போயிரும். கிணத்தையும் இறைச்சுத் தூர் வாரிக் குடுங்க. பிள்ளைக்குப் பால் குடிக்கக்கூடத் தெம்பு இல்லீங்க."

ராஜா பொக்கிஷ அதிகாரி சூரப்பரைப் பார்த்தார். சூரப்பர் தும்மல் வந்தால்கூட செலவாகிவிடுமோ என்று அடக்கிக்கொள்கிற மனுஷர்.

"மகாராஜா, கோயிலுக்குப் பணம் இருக்கு. படைக்கு இருக்கு. யானைக்குக் கரும்பு வாங்க இருக்கு. சாக்கடைக்குன்னு பணம் ஒதுக்குற வழக்கம் நம்ம பொக்கிஷத்துல கிடையாது."

"அப்ப எங்க பிள்ளைங்க?"

"காய்ச்சிக் குடிக்கச் சொல்லும்மா."

"வழக்கம் இல்லையாமே, நான் என்ன செய்ய?" என்று ராஜா வெற்றிலைக்குக் கையை நீட்டினார். செங்கமலம் அன்றைக்குச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூடவே தடவிக் கொடுத்தாள்.

வெளிவாசலில் வீராத்தாள் அழுதுகொண்டு நின்றாள். செங்கமலம் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, அழாத. அவங்ககிட்ட எதுக்குப் பணம் இல்லையோ அதைப் போய்க் கேட்டிருக்க. எதுக்கு இருக்கோ அதைக் கேக்கணும். நாளைக்குத் தெருவோட வா. எல்லாரும் குடத்தோட வாங்க."

மீதியைக் காதில் சொன்னாள். அழுத மூஞ்சியில் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் சபை கூடியிருக்கிறது. தறிக்காரத் தெருப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குடம். குடம் உள்ளே வருமுன்னே நாற்றம் வந்துவிட்டது. புலவர்கள் மேல்துண்டால் மூக்கைப் பொத்தினார்கள்.

"என்ன இது?" என்றார் ராஜா, மூக்காலேயே.

"கண்டெடுத்த பொருள், மகாராஜா" என்றாள் செங்கமலம்.

அது என்ன கதை என்றால், போன வருஷம் மகாராணியின் கிளி பறந்து போய்விட்டது. யாரோ பிடித்து வைத்துக்கொண்டார்கள். உடனே சூரப்பர் தண்டோரா போட்டார். அரண்மனை மதிலைத் தாண்டி எது வெளியே வந்தாலும் அது ராஜா சொத்து; கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பொன், கொடுக்காமல் வைத்திருந்தால் சவுக்கடி. அதற்கென்று பொக்கிஷத்தில் தனியாகப் பணமும் எடுத்து வைத்திருந்தார்.

சூரப்பர் குதித்தார். "இது தண்ணிடி! கழுவி ஊத்தின தண்ணி!"

"தண்ணி நீங்கலான்னு தண்டோராவுல சொல்லலையே, ஐயா."

வீராத்தாள் பயந்தவள் மாதிரி கும்பிட்டாள். "இத்தனை நாளா ராஜா சொத்தை எங்க வாசல்லயே வச்சிருந்துட்டோம் சாமி. சவுக்கடி விழுமோன்னு நடுங்கிப்போய் ஓடி வந்தோம். குடத்துக்கு ஒரு பொன்னுன்னு சொன்னாங்க."

"நாளைக்கும் வருவியா?" என்றார் ராஜா.

"அது நிக்காம வருதே சாமி. நாங்களும் வரத்தானே வேணும்?"

சூரப்பருக்கு வேர்த்துவிட்டது. "இது அரண்மனைத் தண்ணியே இல்ல, மகாராஜா! யாரோடதோ!"

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றாள் செங்கமலம். "யாரோ ஒருத்தர் தண்ணி நம்ம மதில் வழியா ஒழுகலாமா? அக்கா, களிமண்ணு கொண்டாந்து அந்த ஓட்டையை அடைச்சிருங்க."

தூணுக்குப் பின்னாலிருந்து தலைமைச் சமையல்காரர் அலறினார். "ஐயையோ, அடைச்சா மடப்பள்ளி மிதக்குமே!"

ராஜாவுக்குச் சிரிப்புப் பொங்கியது. மூக்கைப் பிடித்த கையை எடுத்தால் நாற்றம், எடுக்காவிட்டால் சிரிக்க முடியவில்லை. பாவம், ரொம்பத் திண்டாடிவிட்டார்.

"சூரப்பரே, நம்ம தண்ணியா, இல்லையா?"

"நம்ம... தண்ணிதான்."

"தினமும் குடம் குடமா வாங்கிக்கிட்டுப் பொன் குடுக்குறீரா? கால்வாய் வெட்டுறீரா?"

"வெட்டிடுறேன், மகாராஜா. கிணத்தையும் தூர் வாரிடுறேன். கண்டெடுப்புக்கு வச்ச பணத்துலயே செஞ்சிடுறேன்."

ராஜா வீராத்தாளைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "நேத்தே செஞ்சிருக்கணும்மா. வைத்தியரையும் உன்கூட அனுப்புறேன், பிள்ளையைப் பார்க்கட்டும்" என்றார். தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் செங்கமலத்துக்குப் போட்டார்.

"சரி, சரி. எல்லாரும் குடத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. நாத்தம் தாங்கல" என்று கையை வீசினார் சூரப்பர்.

"எடுத்துட்டுப் போய் எங்க ஊத்துறது, ஐயா?" என்றாள் செங்கமலம். "ஊத்த ஒரு இடம் இருந்தா இவங்க ஏன் இங்க வரப்போறாங்க? இது ராஜா சொத்து. கால்வாய் வெட்டி முடியுற வரைக்கும் உங்க பொக்கிஷ அறையிலயே பத்திரமா இருக்கட்டும்."

"ஆமாம், ஆமாம். அங்கதான் காவல் இருக்கு" என்றார் ராஜா.

அன்று சாயங்காலமே கால்வாய் வேலை தொடங்கிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் மண்வெட்டியோடு வேகு வேகென்று வெட்டிக்கொண்டு நின்றது யார் என்கிறீர்கள்? மூக்கில் துணி கட்டிக்கொண்ட சூரப்பரேதான்.