பனியில் வந்த காப்பி

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சிலம்பாயிக்கு எப்போதும் பயம். அன்று ஏற்காட்டுப் பனி ஜன்னல் வழியே உள்ளே வந்து, நாற்காலிகள் எல்லாம் மிதப்பது போல இருந்ததாம்.

அங்கே ஒரு விடுதியில் காப்பி போடுகிறவள் அவள். முதலாளி வரதராஜுலு விருந்தாளிகள் முன்னால் சொன்னார்: "இவ போடுறது அஞ்சு ரூபா இன்ஸ்டன்ட். ஏரிக்கரைக் கடையில இருநூறு ரூபா. அங்கேருந்தும் ஒண்ணு கொண்டுவரச் சொல்லியிருக்கேன். ரெண்டையும் டம்ளர்ல ஊத்திக் கொண்டா, கண்ணை மூடிக்கிட்டே சொல்றேன். உன்னுது மட்டம்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

சற்று நேரத்தில் சிலம்பாயி இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். முதலாளி கண்மூடி உறிஞ்சினார்.

"இது கழுநீர். இது, ஆகா, மேகத்தைக் குடிக்கிற மாதிரி. இதுதான் கடைக் காப்பி."

அப்போது பனிக்குள்ளிருந்து கடை ஆள் வெளிப்பட்டான். "வழியே தெரியல சார். இந்தாங்க உங்க காப்பி."

எல்லோரும் டம்ளர்களைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே பாத்திரத்து இன்ஸ்டன்ட்.

"என்ன புள்ள இது?" என்றார் முதலாளி.

"உங்க நாக்குப் பட்டா அஞ்சு ரூபாயும் இருநூறு ஆயிடுதுங்க ஐயா."

விருந்தாளிகள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. வேலை தப்பியது. ஆனால் விருந்தாளி ஒருவர் கடைக் காப்பிக்குக் கை நீட்டினார்.

"ஆறிப்போச்சுங்க, சுட வெச்சுத் தாரேன்" என்று அதை வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தேனாக இருந்தது. உடனே கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் தானே குடித்து முடித்து, அந்தக் கப்பில் தன் இன்ஸ்டன்டைச் சுடச்சுட ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.