பச்சைச் சாயத்தின் மிச்சம்

ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அதற்குள் ஒரு பெரிய நுண்ணோக்கி. எல்லாத் துறைகளுக்கும் அது பொது. மீனை ஆராய்பவர்கள், மகரந்தத்தை ஆராய்பவர்கள், மண்ணை ஆராய்பவர்கள் என்று எல்லோரும் முறைவைத்து அதன் முன் வந்து உட்காருவார்கள்.

அந்த நுண்ணோக்கிக்குள் ஒரு நீலக் கதிர் குடியிருந்தது. அதன் வாசலில் ஷட்டர் காவல் இருந்தது. நகத்தளவு தகடுதான். அது திறந்தால் கதிர் பாயும். மூடினால் நிற்கும்.

"இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் தேடி வருகிறார்கள்," என்று கதிர் சொல்லிக்கொள்ளும்.

"இருக்கட்டும். நான் திறந்தால்தானே நீ போவாய்," என்று ஷட்டர் முனகும்.

அன்று சுகிர்தாவின் முறை. அவள் ஒரு மீன் கருவைக் கொண்டுவந்திருந்தாள். கடுகளவுதான். கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரியும். அதன் நரம்புகளில் ஒரே ஒன்றுக்குள் பச்சைச் சாயம் ஏற்றியிருந்தாள். எத்தனையோ கருக்களில் முயன்று, இது ஒன்றில்தான் சாயம் பிடித்திருந்தது. அந்த நரம்பு வால் தசையை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. நுனி தசையைத் தொட்டதும் வால் முதன்முதலாக அசையும். அந்தத் தொடுதலைப் படம் பிடிப்பதற்காகத்தான் இத்தனை வருடப் பாடு.

ஷட்டர் திறந்தது. கதிர் பாய்ந்தது. கணினித் திரையின் கறுப்புக்கு நடுவே ஒரு பச்சை இழை தெரிந்தது. அதன் நுனியில் முடியை விட மெல்லிய விரல்கள். அவை நீண்டன, எதையோ தடவின, பின்வாங்கின, வேறு பக்கம் நீண்டன.

சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அறைக்கு ஒரு பழக்கம் உண்டு. திரையில் அழகாக ஏதாவது வந்தால் வராந்தாவில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். தரிசனம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"சுகி, தரிசனம் உண்டா?" மண் துறை முபாரக் தலையை நீட்டினான்.

"வா, வா. செருப்பைக் கழட்டிட்டு வா."

மூடியிருந்த ஷட்டர் மறுபடி திறந்தது.

"யம்மாடி! இது இப்பவே வளருதா?"

"இப்பத்தான். பாத்துக்கிட்டே இரு."

"எங்க மண்ணு ஒரு மாசம் பாத்தாலும் மண்ணாத்தான் இருக்கும். சே!"

அடுத்து மகரந்தம் ஆராயும் எமிலி வந்தாள். பார்த்துவிட்டுப் போய் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் ஷட்டர் திறந்தது, கதிர் பாய்ந்தது.

"ஐயா, ஒரு வார்த்தை," என்றது பச்சைச் சாயம்.

"நன்றி சொல்லப் போகிறாயா? பரவாயில்லை," என்றது கதிர்.

"நீங்கள் தொடும்போதுதான் நான் ஒளிர்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னில் கொஞ்சம் எரிந்துபோகிறது. எரிந்தது திரும்ப வராது."

"நான் காட்டுகிறவன். தின்கிறவன் இல்லை."

"நீங்களே பாருங்கள்."

கதிர் பார்த்தது. விரல்களில் பாதியைக் காணோம். இழை வெளிறியிருந்தது.

அதே நேரம் எமிலி சொன்னாள்: "அக்கா, மங்கலா இருக்கே. வெளிச்சத்தைக் கூட்டுங்களேன்."

சுகிர்தா கூட்டினாள். ஒரு கணம் இழை பளீரென்றது. அடுத்த கணம் முன்பைவிட மங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, மூடு மூடு!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு ஷட்டரை மூடினாள். "எல்லாரும் வெளிய போங்க, ப்ளீஸ்."

"கோச்சுக்கிட்டியா?" என்றான் முபாரக்.

"இல்லடா. இன்னும் ஒரே ஒரு படத்துக்குத்தான் சாயம் மிச்சம் இருக்கும். தொடுறதுக்கு முன்னாடி திறந்துட்டா எல்லாம் போச்சு."

"பாக்காம, தொட்டது எப்படித் தெரியும்?"

"வால் அசையட்டும். அது சொல்லும்."

சாயத்தை எரிக்காத மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றை மட்டும் கருவின் கீழே போட்டாள். அதில் வால் நிழலாகத் தெரிந்தது. நரம்பு தெரியவில்லை. முபாரக்கும் எமிலியும் கதவோரம் நின்றுகொண்டார்கள். மறுபடி போகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மூடிய வாசலுக்குப் பின்னால் கதிர் தவித்தது. "நான் இல்லாமல் அது எப்படி வழி கண்டுபிடிக்கும்?"

"நீ வருவதற்கு முன்பே பாதி தூரம் வந்திருந்ததே," என்றது ஷட்டர்.

அந்தச் சின்ன உடலுக்குள், தான் ஒருபோதும் போய்ப் பார்க்காத ஆயிரமாயிரம் நரம்புகள் இந்த நேரம் எங்கெங்கே நீண்டுகொண்டிருக்கின்றன என்று கதிர் நினைத்தது. "ஷட்டரே, என்னைக் கொஞ்சமாக அனுப்பு," என்றது.

சிவப்பு நிழலில் வால் சுண்டியது.

சுகிர்தா வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து, பொத்தானை அழுத்தினாள்.

கதிர் நூலாக மெலிந்து உள்ளே போனது. பச்சை விரல்கள் தசையின் மேல் விரிந்து ஒட்டியிருந்தன. விட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"இப்போது வாருங்கள்," என்றது சாயம். மிச்சமிருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் எரித்தது.

படம் விழுந்தது. பிறகு கறுப்பு.

"போயிடுச்சா?" என்று கேட்டான் முபாரக்.

"போயிடுச்சு. படம் இருக்கு."

கதிர் வாசலுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. "நான் அந்த நரம்பைக் கொன்றுவிட்டேனா?" என்று கேட்டது.

ஷட்டர் வாசலை மூடியது.

சிவப்பு நிழலில் வால் அசைந்தது. மறுபடி அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது.