சொதி வச்ச மாப்பிள்ளை

படுத்தியா வடிவு? தலகாணிய நேரா வச்சுக்கோ. மத்தியானம் அந்தக் கட்டிச் சொதிய மூணு தடவ வாங்கித் தின்னுட்டு, "தாத்தா, எல்லார் வீட்லயும் சொதி தண்ணியா ஓடுது, நம்ம வீட்ல மட்டும் ஏன் கரண்டி நிக்குது"ன்னு கேட்டல்லா? அதுக்கு ஒரு கதை இருக்கு. சொல்லுதேன். ஆனா நீ ம் கொட்டணும். நீ கொட்டலன்னா நான் தூங்கிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு மாப்பிள்ளை இருந்தானாம். ஆளு ஒல்லிக்குச்சி. மூக்கு மட்டும் ஒரு அடி முன்னால போகும். வாய் இருக்கே, அது மூக்குக்கும் முன்னால போகும்.

ம்னு சொல்லு. ஆங்.

அவன் பொறந்ததுலருந்து ஒரே ஒரு தடவ ரசம் வச்சிருக்கான். அன்னைக்கு அவன் அம்மைக்குக் காய்ச்சல். காய்ச்சல் வாய்க்கு என்ன தெரியும்? "நல்லாருக்கு ராசா"ன்னுட்டா, பாவம். அம்புட்டுதான். அதுலருந்து போற வீட்லலாம் ஒரு வாய் தின்னுட்டு, கண்ண மூடி, "ம்ஹூம், ஒரு கொதி கூடிப்போச்சு"ம்பான். பொண்ணு பாக்கப் போன இடத்துல, கேசரியப் பாத்துட்டு, "ஏலக்கா பத்தாது"ன்னான். பொண்ணு நிமிந்து ஒரு பார்வ பாத்தா. தன்னய மெச்சுதான்னு இவன் நெனச்சுக்கிட்டான். மடையன்.

அப்புறம் கல்யாணம் ஆச்சு. டும்டும்டும். மறுநாள் பொண்ணு வீட்ல மறுவீட்டுச் சாப்பாடு. நம்ம பக்கம் மறுவீடுன்னா தேங்காப்பால் சொதிதான். என்ன போட்டாலும் சொதி இல்லன்னா அது மறுவீடே இல்ல. மாப்பிள்ளை முந்தியே அங்க வந்துட்டான்; அவன் வீட்டு ஆளுக அறுபது பேரு பின்னால வாராக. அதுல மாப்பிள்ளையோட அத்தை பிச்சம்மா ஒருத்தி. ஒரு வீட்ல உப்பு கூடிச்சுன்னா, அந்த வீட்டுப் பொண்ணு பேரன் எடுக்குற வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுவா.

அப்போ பாத்து, சமைக்க வரவேண்டிய தவசுப்பிள்ளை படிக்கட்டுல வழுக்கி, தொபுக்கடீர்! கால் வீங்கிப்போச்சு. பொண்ணுக்கு அம்மை கிடையாது. அப்பா சங்கரலிங்கம் ஒத்தையில நிக்காரு, தலைல கையை வச்சுட்டு. பொண்ணு நல்லா சொதி வைப்பா. ஆனா அந்த வீட்டு வழக்கம், தாலி கட்டுன மூணு நாளைக்குப் புதுப்பொண்ணு அடுப்பத் தொடக்கூடாது. பக்கத்து அறையில உக்காத்தி வச்சுட்டாக.

அப்போ எவனோ ஒருத்தன் நெஞ்ச நிமித்துனான் பாரு. "மாமா, கவலைய விடுங்க. சொதி நான் வைக்கேன்."

அவர் என்ன சொல்ல முடியும்? புது மாப்பிள்ளை மலையத் தூக்குதேன்னு சொன்னாலும், "பாத்து, இடுப்பு பிடிச்சுக்கும்"னுதான் சொல்லமுடியும். காய் நறுக்க வந்த அக்கம்பக்கத்துப் பொம்பளைகளும் புது மாப்பிள்ளைக்குப் பாடம் எடுக்க முடியுமா? தேங்காயத் துருவிப் பிழிஞ்சு, தலைப்பால் ஒரு பானை, ரெண்டாம் பால் ஒரு பானை, மூணாம் பால் ஒரு பானைன்னு வரிசையா வச்சுட்டு, வாயப் பொத்திட்டு ஒதுங்கிட்டாக.

இங்கதான் நீ கவனிக்கணும். சொதின்னா, தண்ணியான மூணாம் பால்ல காய வேகவைக்கணும். அப்புறம் ரெண்டாம் பால். கெட்டியான தலைப்பால் கடைசியில. அது கொதிக்கவே கூடாது, ஓரத்துல நுரை கட்டினதும் இறக்கிரணும். இறக்குன பெறகுதான் எலுமிச்சம்பழம். இம்புட்டுதான் சங்கதி. இது தெரியாதவன் அந்த ஊர்லயே ஒரே ஆளு. அவன் கையிலதான் கரண்டி.

ம்? தூங்கலயே? சரி.

மொதல்ல அவன் என்ன செஞ்சான்? "தலைப்பால்னு பேரே இருக்கு, தலையில ஊத்துறதுதான்"னு கெட்டிப்பாலத் தூக்கி, குபுகுபுகுபுன்னு எடுத்த எடுப்புலயே ஊத்திட்டான். அப்போ பக்கத்து அறையிலருந்து ஒரு சத்தம். கலீர்! பொண்ணு வளையல். கதவு இடுக்குல கைய நீட்டி ஆட்டுதா. இவன் பாத்தான். "ஆகா, நம்ம வேகத்தப் பாத்து சந்தோசப்படுதா"ன்னு மீசைய முறுக்குனான். மீசையே நாலு முடிதான்.

ரெண்டாவது, தீய ஏத்துனான். தளபுளா தளபுளான்னு கொதிக்கி. உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் குதிக்கி. கலீர் கலீர்! ரெண்டு கையும் ஆடுது. "பாத்தீங்களா, மறுபடியும் மெச்சுதா"ன்னு மீசைய முறுக்கி, பொம்பளைகளப் பாத்துக் கண்ணச் சிமிட்டுனான். அவுக தலையக் குனிஞ்சுட்டாக.

மூணாவது, கொதிக்கிற பால்லயே பத்து எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சான். சளக், சளக், சளக். அப்போ கலீர் கலீர் கலீர்னு ஆட்டி, கை கதவுல இடிச்சு, படார்! வளையல் ஒண்ணு உடைஞ்சேபோச்சு. இவன் அதுக்கும் மீசைய முறுக்குனான் வடிவு. அதுக்கும்!

முறுக்கிட்டுச் சட்டிக்குள்ள பாத்தா, பால் கட்டி கட்டியாத் திரிஞ்சு நிக்கி. மேல எண்ணெய் மிதக்குது. வாசல்ல வண்டிச் சத்தம். அறுபது பேரும் வந்து இறங்கிட்டாக.

அறைக்கதவு தொறந்துச்சு. பட்டுச்சேலையும் மாலையுமா பொண்ணு விறுவிறுன்னு அடுப்படிக்குள்ள வந்தா. வழக்கமாவது மண்ணாவது. அவனத் திரும்பிக்கூடப் பாக்கல. பால் பிழிஞ்ச தேங்காச்சக்கை மலையாட்டம் கிடந்துச்சா, அதுல சீரகமும் பச்சமிளகாயும் போட்டு கரகரகரன்னு அம்மியில அரைச்சா. வெந்த பாசிப்பருப்ப மசிச்சு, ரெண்டையும் அந்தத் திரிஞ்ச பால்ல கொட்டுனா. தேங்காண்ணெயில கடுகும் கருவேப்பிலையும் போட்டு, சொய்ங்! கிண்டினா. கரண்டிய விட்டா, கரண்டி நின்னுச்சு.

அப்புறம் பந்தி. மாப்பிள்ளையும் பொண்ணும் பக்கத்துல பக்கத்துல. எதுத்தாப்புல பிச்சம்மா அத்தை. சங்கரலிங்கம் மாமா வாளியத் தூக்கிட்டு வந்து ஊத்துதாரு. அத்தை இலையப் பாத்தா. "என்ன இது? பால் பிழியத் தெரியாத வீடா? நாளைக்கு இவ நம்ம வீட்டுக்கு வந்து என்னத்தப் பொங்குவா?"

பொண்ணு தலை குனிஞ்சுட்டா. அவ அப்பா கண்ணு கலங்கிட்டு.

இப்போ நம்ம வாய்வீச்சுக்காரன் இருக்கானே, அவன் வாயத் தொறக்காம இருந்தாப் போதும். பழி அந்த வீட்டு மேல போயிரும். இவன் பெருமை இவன்கிட்டயே இருக்கும். அப்பிடித்தான் இருக்கணும்னு நெனச்சான், சவத்துப்பய. குழம்பப் பெசையப் போனான். அப்போ பொண்ணோட கை கண்ணுல பட்டுச்சு. வளையல் உடைஞ்ச இடத்துல ஒரு கீறல். செவப்பா, நூலு மாதிரி. அதப் பாத்ததும் பெசையப் போன கைய எடுத்துட்டான்.

எந்திச்சு நின்னு, "அத்தை, வச்சது நான்தான். எனக்குச் சொதி வைக்கத் தெரியாது. ரசங்கூடத் தெரியாது. நான் திரிச்சத உலகம்மாதான் தேத்தி எடுத்தா. திட்டணும்னா என்னயத் திட்டுங்க"ன்னேன்.

என்னட்டி சிரிக்க? சொன்னேன்னா சொன்னேன்? சொன்னான்னுதான் சொன்னேன். உலகம்மா ஊர்ல ஒருத்திதானா? உங்க பாட்டி பேரு வேற யாருக்கும் இருக்கக்கூடாதா?

சரி, நான்தான். மூக்கப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பே.

அறுபது பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே, இலையெல்லாம் பறந்துச்சு. அத்தை என்னய நல்லா மொறைச்சா. அப்புறம் ஒரு வாய் போட்டா. சப்புக் கொட்டுனா. "ஏ சங்கரலிங்கம், இன்னும் ரெண்டு கரண்டி விடும்"னா. மூணு தடவ வாங்கித் தின்னா, ஒன்னய மாதிரியே. அன்னைலருந்து நம்ம வீட்ல கட்டிச் சொதிதான். அதுலருந்து எனக்கு ஊர்ல பேரு திரிஞ்ச மாப்பிள்ளை. இந்த எழுவது வயசுலயும் மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுதாக, அதுல ஒரு லாபம்.

ம்... அன்னைக்குச் சாயந்தரம் ஒங்க பாட்டிகிட்ட மொத மொதலாப் பேசினேன். "கதவத் தொறந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா?"ன்னேன். அவ சொன்னா, "என்னன்னு கூப்பிடுவேன்? பேரச் சொல்லக்கூடாது. 'ஏங்க'ன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கையில இருந்தத ஆட்டுனேன். மூணு தடவையும் நீங்க மீசைய முறுக்குனீங்க."

எனக்கு வெக்கமாப் போச்சு வடிவு. ஊரு சிரிச்சப்போகூட அம்புட்டு வெக்கமில்ல.

ஒங்க பாட்டி இன்னமும் என் பேரச் சொன்னதில்ல. ஏதாவது வேணும்னா...

கலீர்!

கேட்டியா? அடுப்படியிலருந்து. இப்போலாம் எனக்கு ஒரு தடவைலயே கேக்குது. இந்தா வாரேன் உலகம்மா.

என்ன, ம் சத்தத்தையே காணும்? தூங்கிட்டியா? சரி சரி. சட்டியும் காலி, கதையும் காலி, கண்ண மூடிக்கோ ராசாத்தி.