முதல் செங்கல்

சேடபுரத்து அரசவையில் சொக்கையன் விகடம் பேசி வாங்கும் சம்பளம் அவனுடைய வெற்றிலை பாக்குக்கே காணாது. அவன் வீட்டிலும் தம்பிகள் வீடுகளிலும் உலை கொதித்தது ஆற்றங்கரை வயலால்தான். அந்த வயல்மீது தளவாய் மருதப்பருக்கு ஒரு கண். தனக்காக இல்லையாம், அரசருக்காகவாம்!

"அரசே, கோடை மாளிகை கட்ட அதைவிடக் குளுகுளுவென்ற இடம் கிடையாது" என்று ஓதிவிட்டார்.

அரசர் கனகராயர் சித்திரை வந்தால் விசிறியும் கையுமாகத் திரிகிறவர். உடனே மயங்கிவிட்டார். "சொக்கையா, விலை சொல்."

சொக்கையன் மனத்துக்குள் கணக்குப் போட்டான். 'மாட்டேன்' என்று சொல்லும் நாக்கு அரண்மனையில் அதிக நாள் வாயில் இருப்பதில்லை. இன்று எப்படியோ தப்பினாலும், நாளை தம்பிகளில் ஒருவன் ஆசைப்பட்டு விற்றுவிட்டால்? வாங்குகிறவன் நெல்லா நடுவான்?

"நாளைக்குச் சொல்கிறேன், அரசே."

விடிந்ததும் குளித்துவிட்டு, தம்பிகளையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனான். எல்லோருமாகச் சேர்ந்து தாரை வார்த்து ஒரு தானம் கொடுத்தார்கள். அதைக் கல்லிலும் வெட்டச் சொல்லிவிட்டுச் சபைக்கு வந்தான்.

"வயலைத் தானம் கொடுத்துவிட்டாயாமே!" என்று பாய்ந்தார் தளவாய்.

"வயல் எங்களுடையதுதான். உழுவோம், அறுப்போம், மனம் வந்தால் விற்போம். அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் எங்கள் ஊர்த் தலைவர்கள் இருவருக்கும் பொதுவில் கொடுத்துவிட்டோம். அவர்கள் சேர்ந்து முதல் செங்கல்லை வைத்தால்தான் அங்கே சுவர் எழும்பலாம். கட்டுகிறவர் நானானாலும், வயலை வாங்குகிறவரானாலும், அரசரே ஆனாலும் இதுதான். என்றைக்கும்."

தானத்தில் கைவைத்தால் பாவம் என்று நடுங்குகிறவர் கனகராயர். ஆனால் இதில் நடுங்க என்ன இருக்கிறது? "இவ்வளவுதானா? செங்கல்லைக் கொண்டு வா! அவர்களையும் கூப்பிடு!"

அரசரும் தளவாயும் அந்த ஊர்த் திருவிழாவை எட்டிப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கோயிலில் முதல் மரியாதை மேலத்தெருத் தலைவருக்கா, கீழத்தெருத் தலைவருக்கா என்று அங்கே தலைமுறை தலைமுறையாகச் சண்டை. அதில் நின்றுபோன தேரில் அரசமரம் முளைத்து, அதில் காக்கை கூடு கட்டி, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டது.

வயலுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மேலத்தெருப் பெரியணன் மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "கல்லை நான்தான் முதல்ல தொடுவேன்."

"நீ தொட்ட கல்லை நான் தொடவா?" கீழத்தெருச் சாத்தையா துண்டை உதறினார். "அப்புறம் எங்க தெருவுல நான் எப்படித் தலைகாட்டுறது?"

"ஆளுக்கொரு பக்கம் பிடியுங்களேன்!" என்றார் தளவாய்.

"கிழக்குப் பக்கம் யாருக்கு?"

"ஐயா, இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தொடுங்கள்!"

"யாரு முதல்ல மூடுறது?"

வெயில் ஏறியது. அரசருக்குக் குடை பிடித்தவனுக்குக் கை கடுத்தது. பொறுமை இழந்த தளவாய், இருவர் கைகளையும் பிடித்து இழுத்துச் செங்கல்லில் வைத்து அழுத்தினார். இருவரும் வெடுக்கென்று உதற, கல் நேராகத் தளவாயின் கால் பெருவிரலில் விழுந்தது.

"ஐயோ!" என்று ஒற்றைக் காலில் குதித்தார் அவர்.

"மன்னிக்கணும் தளவாய், நான்தான் விட்டேன்" என்றார் பெரியணன்.

"பொய்! முதல்ல விட்டது நான்!" என்று மார்தட்டினார் சாத்தையா.

கனகராயர் வரப்பிலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "மாளிகையைத் தளவாயின் மாந்தோப்பில் கட்டிக்கொள்கிறேன். அதற்கு முதல் செங்கல் ஏற்கெனவே அவர் காலில் வைத்தாயிற்று! சொக்கையா, என்ன பரிசு வேண்டும், கேள்!"

சொக்கையன் கைகட்டி நின்றான். மனம் நிறைந்து, கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"ஒன்றே ஒன்றுதான், அரசே. நல்லது செய்கிறேன் என்று இவர்களை மட்டும் ஒருநாளும் சமாதானம் செய்து வைத்துவிடாதீர்கள்!"