ராணியின் கொல்லை முற்றம்

மாறனூர் அரசர் கனகசேகரருக்கு அரண்மனை பெரிது. அதன் பின்னால் இருந்த கொல்லை முற்றம் மட்டும் சிறிது. நாலு பெண்கள் பூத்தொடுக்க உட்கார்ந்தால் ஐந்தாமவள் வாசற்படியில் நிற்க வேண்டியதுதான்.

அந்த முற்றத்தில்தான் மகள் செண்பகவல்லிக்கு வளைகாப்பு நடக்க வேண்டும் என்று ராணி அலர்மேலு பிடிவாதம் பிடித்தாள்.

"இத்தனை பெரிய மண்டபம் இருக்கிறதே, அலர்மேலு!" என்றார் அரசர்.

"மண்டபத்தில் உங்கள் தளபதிகள் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு வானமும் காற்றும் வேண்டாமா? நாற்பது பெண்கள் வருகிறார்கள். எட்டே நாளில் முற்றத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள்."

மறுநாள் சபையில் அரசர் இதைச் சொல்லி முடிக்கவில்லை, பிரதானி விருபாட்சர் எழுந்துவிட்டார்.

"இது ஒரு காரியமா அரசே? சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னாச்சியின் பூந்தோட்டம். அவளுக்கு வேறெங்காவது நிலம் கொடுத்துவிட்டுச் சுவரைத் தள்ளிக் கட்டினால் தீர்ந்தது."

பொன்னாச்சி போய்விட்டால் அரண்மனைக்குப் பூக்கொடுக்கும் உரிமை தம் மைத்துனருக்கு வந்துவிடும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சேதி கேட்டுப் பொன்னாச்சி தன் இரண்டு பெண்களோடு சபைக்கு ஓடி வந்தாள். "மகராசா, பதினாறு வருசமாத் தண்ணி சுமந்து வளர்த்த செடிங்க. பேத்து நட்டா ஒண்ணுகூடப் பிழைக்காது. நாங்களுந்தான்."

அரசருக்குச் சங்கடமாகிவிட்டது. மகளுக்கு வளைகாப்பு ஒரு பக்கம், இந்தப் பெண்ணின் கண்ணீர் ஒரு பக்கம்.

அப்போது சாரங்கன் எழுந்தான். சபையில் அவனுக்குத் தனி வேலை என்று ஒன்றும் கிடையாது. பேச்சுத்தான் அவன் வேலை.

"தோட்டத்தைத் தொடாமலே முற்றத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் அரசே."

விருபாட்சர் சிரித்தார். "அப்படியா! சுவர் ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது. சம்மதமா?"

"நகராது."

"முடியாவிட்டால்?"

"பொன்னாச்சியின் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் ஊரைவிட்டுப் போகிறேன்."

முதலில் அவன் ராணியோடு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். சுற்றிப் பார்க்க எங்கே இடம்? எங்கு திரும்பினாலும் ஏதாவது இடித்தது.

"இந்த உடைந்த பல்லக்கு எதற்கம்மா?"

"என் மாமியாருடையது."

"இந்த மயில் கூண்டு? மயிலைக் காணோமே?"

"மயில் பறந்துபோய் ஆறு வருஷமாகிறது."

"இந்த ஏழு அண்டா?"

"எப்போதாவது தேவைப்படும்."

"இதுவரை தேவைப்பட்டதா?"

ராணி யோசித்தாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். "எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போ!"

எல்லாம் போனது. இடம் கொஞ்சம் கிடைத்தது. ஆனாலும் மூச்சு முட்டியது. காரணம், ஒன்றரை ஆள் உயரத்துக்கு எதிரே நின்ற அந்தச் சுவர். சாரங்கன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்த் தன் யோசனையைப் பொன்னாச்சியின் காதில் போட்டான்.

"உன் தோட்டம் முழுக்க ராணி கண்ணில் படும். பரவாயில்லையா?"

"நல்லாப் பாக்கட்டும் சாமி. பாத்தா பூ வாடியா போயிரும்? இங்கே வேலை செய்யறதும் நாங்க பொம்பளைங்கதான். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஆத்துத் தண்ணிதான். வேத்து ஆள் யாரு வரப் போறா?"

கொத்தர்கள் வந்தார்கள். முற்றத்துக் கதவு சாத்தப்பட்டது. ராணியைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை.

எட்டாம் நாள் காலை. கதவைத் திறந்துகொண்டு நுழைந்த அரசர் அப்படியே நின்றார்.

எதிரே மல்லிகைப் பாத்திகள் வரிசையாக ஓடின. அதற்கப்பால் ஆறு மின்னியது. அதற்கும் அப்பால் மலை. ஆற்றங்காற்று நேராக முகத்தில் வந்து மோதியது. தரையில் விரித்த பாய்களில் இருபது பெண்கள். ஓரத்தில் சுண்ணாம்பு பூசிய வழவழப்பான நீண்ட மேடையில் இன்னும் இருபது பேர். நடுவே செண்பகவல்லி, இரண்டு கையும் கொள்ளாத வளையல்களோடு.

"சாரங்கா, இது நம்முடைய முற்றம்தானா?"

பின்னால் வந்த விருபாட்சர் கூச்சலிட்டார். "மோசடி! சுவரையே காணோம்! ஆற்றங்கரைவரை நகர்த்திவிட்டான்!"

"அளந்து பாருங்கள் பிரதானியாரே" என்றான் சாரங்கன்.

விருபாட்சர் முழக்கோலை வாங்கித் தாமே குனிந்து அளந்தார். முன்பு பதினெட்டு முழம். இப்போதும் பதினெட்டு முழம். நம்பாமல் மறுபடி அளந்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அளவு மட்டும் மாறவில்லை. கடைசி முழம் போய் முட்டிய இடம், அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த மேடை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "இது... இதுதான் சுவரா? முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டதே! அரசே, நிபந்தனையை மீறிவிட்டான்!"

அரசர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். "என்ன சாரங்கா, சுவரை என்ன செய்தாய்?"

சாரங்கன் கைகட்டிப் பணிவாகச் சொன்னான்:

"நகர்த்தவே இல்லை அரசே. பாவம், உங்கள் பாட்டனார் காலத்திலிருந்து நின்றுகொண்டே இருந்தது. உட்கார வைத்தேன்!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டம் என்றைக்கும் பொன்னாச்சிக்கும் அவள் பெண்களுக்கும்தான் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். தம் கைக் கங்கணத்தைக் கழற்றிச் சாரங்கனுக்குப் போட்டார்.

"சரி, நாமும் சற்று உட்காரலாம்" என்று அவர் மேடைப் பக்கம் நகர்ந்தபோது ராணி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கே வருகிறீர்கள்? இது பெண்கள் விசேஷம். மூவரும் நடையைக் கட்டுங்கள். சித்ரான்னம் சமையல்கட்டுக்கு வரும்!"