ஏழாற்றூர்ப் பேரிகைக்காரர்களின் தலைப்பாகை

ஏழாற்றூர் ராஜா மகுடேசுவரருக்கு வீரத்திலும் குறைச்சலில்லை, தானதர்மத்திலும் குறைச்சலில்லை. கடவுள் அவருக்கு எல்லாம் கொடுத்திருந்தார். பேரிகைப் போட்டியில் ஒரு வெற்றிதான் பாக்கி. வருஷா வருஷம் விஜயதசமிக்கு ஆற்று மணலில் நான்கு ராஜ்யத்துப் பேரிகைக் குழுக்களும் ஊர்வலமாக வந்து மோதும். ஏழாற்றூர் மூன்று வருஷமாகக் கடைசி.

ஏன் என்று குழுத்தலைவன் மாசிலாமணிக்குத் தெரியும். எல்லாம் அந்தத் தலைப்பாகையால்தான்.

ராஜாவின் பாட்டனார் வைத்த வழக்கம் அது. முழ உயரப் பாகை, உச்சியில் பித்தளைக் கலசம், அதற்கும் மேலே மயில்தோகை. பாட்டனார் காலத்தில் பேரிகைக்காரர்கள் ஒரே இடத்தில் நின்று மெதுவாக அடித்தார்கள், பாகையும் நின்றது. இப்போதோ குனிந்து, திரும்பி, ஓடி அடிக்கிற காலம். தலைவன் கையிலுள்ள கோலைப் பார்த்துத்தான் குழுவின் மற்றப் பத்தொன்பது பேரும் அடிமாற்ற வேண்டும். பாகை சரிந்து மூக்கில் உட்கார்ந்தால் கோல் எங்கே தெரியும்? போன வருஷம் எல்லோரும் இடப்பக்கம் திரும்பியபோது தோகையும் தோகையும் மாட்டிக்கொண்டன. மாசிலாமணியின் பாகை கண்ணை மறைத்தது. அவன் பேரிகை என்று நினைத்து ஓங்கி அடித்தது நடுவரின் குதிரையை.

இந்த வருஷம் சபையில் வந்து விழுந்து கும்பிட்டான்.

"மகாராஜா, தலைக்கு ஒரு சின்னத் துணி போதும். பாகையை மட்டும் விட்டுக்கொடுங்கள்."

ராஜா வாயைத் திறக்குமுன் ஆடைப் பண்டாரத்து அதிகாரி பூவராகர் எழுந்துவிட்டார்.

"அடிக்கத் தெரியாதவனுக்குப் பாகை கனமாம்! மகாராஜா, அது உங்கள் பாட்டனாரின் மானம். அதைச் சுமப்பது என்ன பாக்கியம்!"

"ஆமாம், ஆமாம்!" என்றார்கள் சபையிலிருந்த பிரபுக்கள் எல்லோரும்.

ராஜாவின் முகம் சிவந்தது. "மாசிலாமணி! பாகை ஊர்வலத்தில் போயே தீரும். இந்த வருஷமும் தோற்றால் உன் குழுவைக் கலைத்துவிடுவேன். இருபது குடும்பமும் வேறு பிழைப்புப் பார்க்கட்டும்."

வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு நல்ல சேதிக்காகக் காத்திருப்பாளே மனைவி, அவளிடம் மாசிலாமணி என்ன சொல்வான்?

அப்போது மந்திரி வைரவன் மெதுவாக எழுந்தான். நல்ல புத்திசாலி, வாயாடி.

"மகாராஜா, பூவராகர் சொல்வதுதான் நியாயம்."

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. 'ஐயா, நீங்களுமா?'

"அவ்வளவு பெரிய மானத்தை வியர்வை வழிகிற பேரிகைக்காரன் தலையில் வைக்கலாமா? அதன் அருமை தெரிந்த தலையில் அல்லவா வைக்க வேண்டும்? பூவராகரும் பத்தொன்பது பிரபுக்களும் பாகை தரித்து முன்னே போகட்டும். ஜனங்கள் முதலில் பார்ப்பது பாட்டனாரின் பெருமையை. பேரிகைக்காரர்கள் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பின்னால் வரட்டும்."

முதல் வரிசை என்றதும் பூவராகர் மீசையை முறுக்கினார். "எனக்குப் பெரிய தோகை வேண்டும்" என்றார். மற்றவர்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். பாகை ஊர்வலத்தில் போகிறதே என்று ராஜாவுக்கும் திருப்தி.

வெளியே வந்ததும் வைரவன் மாசிலாமணியின் தோளைத் தட்டினான். "என்னப்பா முழிக்கிறே? தலை லேசாகிவிட்டது. இனி கைதான் பேச வேண்டும். போ, போய்ப் பழகு."

விஜயதசமி வந்தது. மணலில் வெயில் கொளுத்தியது. நடுவரின் கொடி இறங்கும்வரை ஒருவரும் தலையிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பது அந்தப் போட்டியின் சட்டம். அணிவகுத்து வருகிற எல்லோருக்கும் அது பொருந்தும்.

பின்னால் மாசிலாமணி பிள்ளையாரை நினைத்துக்கொண்டு கோலை உயர்த்தினான். பத்தொன்பது ஜோடிக் கண்ணும் அதைப் பார்த்தது. அப்புறம் என்ன! குனிந்தார்கள், சுழன்றார்கள், இருபது பேரிகையும் ஒரே இடியாய் இடித்தது. கூட்டம் எழுந்து ஆடியது.

முன்னால் நடந்ததோ வேறு கூத்து. பூவராகரின் கலசத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. "போ! போ!" என்று வாயால் விரட்டினார், கழுத்தை அசைக்க முடியவில்லை. திரும்புகிற நேரத்தில் அவர் தோகையும் பொக்கிஷதாரர் தோகையும் பின்னிக்கொண்டன. இருவரும் ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள்போல மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

"இந்தப் பக்கம் வாரும் ஐயா!"

"நீர் முதலில் நில்லும் ஐயா!"

கொடி இறங்கியது. ஏழாற்றூருக்கு முதல் பரிசு! மாசிலாமணி மணலிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ராஜா துள்ளிக்கொண்டு வந்தார். "எல்லாம் பாகையின் ராசி! பூவராகரே, இனி வருஷா வருஷம் நீங்களேதான் தரிக்க வேண்டும்."

பூவராகர் காலில் விழப்பார்த்தார். கழுத்து வளையவில்லை. நெட்டுக்குத்தாக நின்றபடியே கதறினார்.

"மகாராஜா, வேண்டாம்! இது தலைப்பாகை இல்லை, அம்மிக்கல்! கண் தெரியவில்லை, கழுத்து திரும்பவில்லை. உங்கள் பாட்டனாரே அரை நாள் இதைச் சுமந்து வெயிலில் நின்றிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பார். பெட்டியில் வைத்துப் பூஜை பண்ணுவோம் மகாராஜா, தலை மட்டும் வேண்டாம்!"

மற்றப் பத்தொன்பது பேரும் "ஆமாம், ஆமாம்!" என்றார்கள்.

ராஜாவுக்கு ஆச்சரியம். "இதையேதானே மாசிலாமணி சபையில் சொன்னான்? அப்போது உங்களில் ஒருவருக்கும் ஏன் புரியவில்லை?"

வைரவன்தான் கைகட்டிக்கொண்டு சொன்னான்:

"அப்போது வலித்தது அடுத்தவன் கழுத்து, மகாராஜா!"

ராஜா மணலெல்லாம் அதிரச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி வைரவனுக்குப் போட்டுவிட்டு, மாசிலாமணியைத் தூக்கி நிறுத்தி, அவன் தலையிலிருந்து நழுவிய சிவப்புத் துணியைத் தம் கையாலேயே கட்டிவிட்டார்.